பொட்டலத்தில் இல்லாத தோட்டத்தின் பெயர்

போன வருசம் கச்சான் காத்து அடிக்கிற நேரம், அப்புத்தளையிலிருந்து சித்தி மகள் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் இருந்த குரல்.

"அக்கா, பில்லு என்கிட்ட இருக்கு. பெட்டிகூட உடைக்கல. எக்ஸ்பயரிக்கு இன்னும் ஒன்றரை வருசம் கிடக்கு. அப்புறம் என்ன கொறை?"

ஏ.எல். முடித்து இரண்டு வருசம் வீட்டில் இருந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். இவள் தன் சங்கிலியை அடகு வைத்து, புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் 48,000 ரூபாய்க்கு வெளிநாட்டு ஷாம்பூவும் முகக் கிரீமும் வாங்கி வந்து ஒரு ஒன்லைன் சந்தையில் போட்டாள். மற்றவர்களைவிட இருநூறு ரூபாய் குறைவு. ஆறு வாரம் நன்றாகத்தான் போனது. ஏழாவது வாரம் அவளுடைய பட்டியல் முழுக்கக் காணாமல் போனது. பிராண்ட் உரிமையாளர் முறைப்பாடு செய்திருக்கிறார், நீங்கள் அனுமதி பெற்ற விற்பனையாளர் இல்லை என்று ஒரு ஈமெயில். பொருள் போலி என்று அதில் எங்கேயும் இல்லை. போலி என்று சொல்லியிருந்தால் பில்லைக் காட்டியிருப்பாள். அவளைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

அந்த பிராண்டின் பெயரோ தளத்தின் பெயரோ இங்கே தேவையில்லை. கேள்விதான் தேவை. காசு கொடுத்து வாங்கிய பொருளை யார் விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று, விற்றுக் காசு வாங்கிக்கொண்ட கம்பனி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

இதைப் பற்றித் தேடப் போனவளை, அது நேரே அவளுடைய லயத்து வாசலுக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டது. அவள் வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலை லிப்டனின் மலை.

தோமஸ் லிப்டனைப் பற்றி நம்ம பக்கம் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே 'லிப்டன் சீட்', அதில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் சிலை, அதைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்கும் சுற்றுலாக்காரர்கள். ஆனால் அவர் தொழிலால் தோட்டக்காரர் இல்லை, மளிகைக் கடைக்காரர். 1871 இல் கிளாஸ்கோவில் ஒரு கடை திறந்தார். வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி எல்லாம் விற்று, அடுத்த பதினைந்து இருபது வருசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். தேயிலைக்கு வந்தது 1880களின் கடைசியில்தான்.

அப்போது பிரித்தானியாவில் தேயிலை விலை கூட. தோட்டத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து லண்டன் மின்சிங் லேன் ஏலம், தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஏறும். சாதாரணக் கடையில் ஒரு பவுண்டு தேயிலை இரண்டரை, மூன்று ஷில்லிங் வரை போனது. லிப்டன் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். 1890 இல் இலங்கைக்கு வந்து, கோப்பி நோயால் நொடித்துப்போன தோட்டங்களை மலிவாக வாங்கினார். தம்பேதென்ன அதில் ஒன்று. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்று விளம்பரம் செய்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். லிப்டன் தேயிலை வியாபாரத்தில் நுழைந்தது யாராக? விலையைக் குறைத்து விற்கிற கடைக்காரனாக. மற்றவர்கள் விளைவித்து, மற்றவர்கள் ஏலம் விட்ட சரக்கை வாங்கி, ஊர் விலையைவிடக் குறைத்து விற்றவர். அன்று மின்சிங் லேன்காரர்கள் 'எங்கள் அனுமதி பெற்ற கடை மட்டும்தான் இந்தத் தேயிலையை விற்கலாம்' என்று ஒரு பொத்தானை அமுக்க முடிந்திருந்தால் லிப்டன் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. என் சித்தி மகள் செய்ததற்கும் அவர் செய்ததற்கும் அளவில்தான் வித்தியாசம்.

சரி, அப்படியென்றால் பிராண்ட் என்பதே ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் பொட்டலத் தேயிலையின் வரலாறு அதற்கு இடம் கொடுக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் கடைகளில் விற்ற தேயிலையில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? வேறு மரத்து இலைகள். ஒருமுறை கொதிக்க வைத்துக் காய வைத்த பழைய தேயிலை. பச்சைத் தேயிலையில் நிறத்துக்காகச் சேர்த்த சாயம். பெட்டியில் குவித்து வைத்ததைக் கடைக்காரர் கரண்டியால் அள்ளி நிறுத்துக் கொடுப்பார். அள்ளும்போது என்ன கலந்தார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. 1826 இல் ஜோன் ஹோர்னிமன் என்பவர் தேயிலையை முத்திரை வைத்த பொட்டலத்தில் அடைத்து விற்கத் தொடங்கினார். மளிகைக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, அவர்களுடைய லாபம் இருந்ததே அந்தக் கரண்டியில்தான். 1875 இல் உணவுக் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தபோது தேயிலையைச் சுங்கத்திலேயே பரிசோதிக்கும் ஏற்பாடும் வந்தது.

ஆக, முத்திரை வைத்த பொட்டலமும் அதன்மேல் ஒரு பெயரும் ஏழைகளுக்கு நல்லதுதான் செய்தன. உள்ளே இருப்பது இதுதான், எடை இவ்வளவுதான், குறை இருந்தால் இந்தப் பெயரைப் பிடி. லிப்டனும் பவுண்டு, அரைப் பவுண்டு, கால் பவுண்டுப் பொட்டலங்களில் இதைத்தான் விற்றார்.

இன்றைக்கும் இது பெரிய விசயம். தோல் வெள்ளையாகும் என்று விற்கிற போலிக் கிரீம்களில் பாதரசம் இருப்பது உலகம் முழுக்கப் பல தடவை கண்டுபிடிக்கப்பட்டது. அது முகத்தோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்கும் போகும். லயத்துப் பிள்ளைகள் அதை வாங்கிப் பூசுவதை நான் பார்த்திருக்கிறேன். 'எங்கள் பெயரில் போலி விற்காதே' என்று ஒரு கம்பனி சண்டை போட்டால் நான் அந்தக் கம்பனி பக்கம்.

ஆனால் 'எங்கள் அசல் பொருளை நீ விற்காதே' என்பது வேறு சண்டை. முதலாவதில் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கேள்வி. இரண்டாவதில் பொட்டலம் யார் கையில் இருக்கிறது என்பது கேள்வி. இரண்டையும் 'பிராண்ட் பாதுகாப்பு' என்ற ஒரே கோணிச் சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்த ஈமெயிலில் நடந்தது அதுதான்.

இப்போது கதையை மறுபக்கத்திலிருந்து, பொட்டலத்துக்குள் போன இலையின் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் உண்டு. ஆடி, ஆவணி மாசங்களில் மலையைத் தாண்டி வரண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து கொஞ்சம் வாடி, மென்தோல் மாதிரி ஒரு குளிர்ந்த மணம் ஏறும். பதுளை, பசறை, நமுனுகுல, அப்புத்தளை, மடுல்சீமை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்தத் தோட்டங்களின் நல்ல தேயிலைக்கு வாங்குபவர்கள் காத்திருப்பார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு விற்பனைக் குறி, அதாவது தோட்டத்தின் பெயர், இருக்கிறது. சாக்கில் அந்தக் குறி, தரம், இன்வொய்ஸ் நம்பர், எடை எல்லாம் அச்சடித்துக் கொழும்புக்குப் போகும். அங்கே ஏலம். முதல் பொது ஏலம் நடந்தது 1883 ஜூலை 30 ஆம் திகதி, சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில். லண்டன் ஏலம் 1998 இல் மூடப்பட்டது. கொழும்பு ஏலம் இன்னும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு அதுவும் ஒன்லைனுக்குப் போய்விட்டது. ஆக, நம்ம தேயிலையும் இப்போது ஒரு ஒன்லைன் சந்தையில்தான் விலைபோகிறது.

ஏலத்தில் விற்றவுடன் என்ன ஆகும்? வாங்கியவர் சாக்கைப் பிரிப்பார். பத்துத் தோட்டத்துத் தேயிலையைக் கலப்பார். வேணுமென்றால் கென்யாத் தேயிலையோடும் கலப்பார். தன் பெயர் போட்ட பெட்டியில் அடைப்பார். தோட்டத்தின் பெயர் அந்த இடத்தில் செத்துப்போகும். தோட்டம் 'என் பெயரை ஏன் எடுத்தாய், யாருக்கு விற்றாய், எத்தனை மடங்குக்கு விற்றாய்' என்று கேட்க முடியாது. விற்றாயிற்று, உரிமை போயிற்று. இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள்.

அதே இலை இன்னொரு பெயரோடு திரும்பி வரும்போது மட்டும் விற்ற பிறகும் உரிமை போகாது என்கிறார்கள். மலையிலிருந்து கீழே இறங்கும் பொருளுக்கு ஒரு நியாயம், மலைக்கு ஏறி வரும் பொருளுக்கு வேறு நியாயம். எனக்கு உறுத்துவது இதுதான்.

லிப்டன் பெயருக்கு நடந்ததையே பாருங்கள். 1931 இல் அவர் இறந்தார். அந்தப் பெயர் படிப்படியாக யுனிலீவர் கைக்குப் போனது. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992 இல் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. 2021 இல் யுனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை, லிப்டன் பெயரையும் சேர்த்து, சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. அடுத்த வருசம் அது கைமாறியது. தோட்டம் ஒரு பாதையில் போனது, பெயர் வேறு பாதையில் போனது. பெயருக்குக் கோடிக்கணக்கில் விலை. மலையில் இருப்பவர்கள் இன்னும் நாள் சம்பளத்துக்காகப் பேச்சுவார்த்தை மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுவிற்பனையைக் கட்டுப்படுத்துவது தோட்டத்துக்குப் புதுசும் இல்லை. தொழிலாளி யாரிடம் வேலை செய்யலாம் என்பதையே ஒரு துண்டுச் சீட்டு தீர்மானித்த காலம் இருந்தது. கடனை எழுதிய அந்தத் 'துண்டு' முறையை 1921 இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். தேயிலையைப் பொறுத்தவரை 1957 ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கவோ விற்கவோ முடியாது. இதற்கு நியாயமான காரணம் உண்டு. கழிவுத் தேயிலையை நல்ல தேயிலையோடு கலந்து, சாயம் போட்டு, சீனிகூடக் கலந்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது வெளிநாட்டில் பிடிபட்டால் மொத்த இலங்கைத் தேயிலைக்கும் கெட்ட பெயர். ஆனால் 'இத்தனை கிலோ கழிவுத் தேயிலையோடு லொறி பிடிபட்டது' என்ற செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். படத்தில் நிற்பது எப்போதும் லொறி டிரைவர்தான். கலந்து, அடைத்து, ஏற்றுமதி செய்கிறவர் படத்தில் வருவதில்லை.

வெளியே இந்தச் சண்டை எப்படிப் போனது என்று கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள் ஓர் அறிவிப்பை அச்சடித்தது: ஒரு டொலருக்குக் குறைவாக விற்கும் கடைக்கு விற்க உரிமை இல்லை. நியூயோர்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்றுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908 இல் கடை ஜெயித்தது. ஒருமுறை விற்ற பிரதியின் அடுத்த விலையைப் பதிப்புரிமையை வைத்துக் கட்டுப்படுத்த முடியாது என்றார்கள். பிரித்தானியாவில் கம்பனிகள் கடைக்காரருக்கு விலை நிர்ணயிக்கும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1964 இல் சட்டம் போட்டுத்தான் அதன் முதுகெலும்பை உடைத்தார்கள். சுப்பர்மார்க்கட் விலைக்குறைப்பு எல்லாம் அதற்குப் பிறகு வேகம் பிடித்ததுதான்.

ஒன்லைன் வந்ததும் காற்று திரும்பியது. 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கோட்டி என்ற வாசனைத் திரவியக் கம்பனியின் வழக்கில், ஆடம்பரப் பொருள்களின் மதிப்பைக் காப்பாற்ற, தன் அனுமதி பெற்ற கடைகள் அமேசன் மாதிரியான மூன்றாம் தரப்புத் தளங்களில் விற்பதைத் தடை செய்யலாம் என்றது. கவனியுங்கள், அது கம்பனியோடு ஒப்பந்தம் போட்ட கடைகளைப் பற்றிய தீர்ப்பு. 2018 இல் அப்பிளும் அமேசனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்பின் அப்பிள் பொருள்களை விற்றுக்கொண்டிருந்த நிறையச் சின்ன வியாபாரிகள் அமேசனிலிருந்து விழுந்துபோனார்கள். இத்தாலியின் போட்டி ஆணையம் 2021 இல் இரண்டு கம்பனிகளுக்கும் சேர்த்து 20 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அடுத்த வருசம் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதாவது, இது எங்கேயும் முடிந்த கதை இல்லை.

ஆடம்பரத்தின் மதிப்பு என்கிறார்களே, அந்த மதிப்பைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்வார்கள் என்று 2018 இல் உலகத்துக்குத் தெரிந்தது. பர்பரி கம்பனி முந்தின நிதியாண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு பெறுமதியான விற்காத சரக்கை அழித்திருந்தது. மலிவு விலையில் யாராவது கையில் கிடைத்துவிடக் கூடாதாம்.

நம்ம ஊரில் எரிக்க மாட்டார்கள், வெட்டுவார்கள். பதுளைச் சந்தையில் சம்பள ஞாயிறு குவித்து வைத்து விற்கிற சட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். ஏற்றுமதிக்குத் தைத்த உபரிச் சரக்கு. கழுத்தில் லேபல் பாதி வெட்டியிருக்கும், இல்லாவிட்டால் கறுப்பு மையால் கோடு போட்டிருக்கும். சின்ன வயதில் நாங்கள் அந்த மிச்ச எழுத்துகளை வைத்து எந்த பிராண்ட் என்று கண்டுபிடித்து விளையாடுவோம். அந்தச் சட்டையைத் தைத்தது கட்டுநாயக்கவிலோ வேறு வலயத்திலோ விடுதியில் தங்கி வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் இதைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. பெயரை வெட்டிக்கொள்கிறார்கள், சட்டையை விடுகிறார்கள். விற்கிறவர் பிழைக்கிறார், வாங்குகிறவருக்குக் குளிருக்கு ஒரு சட்டை. என் சித்தி மகள் விசயத்தில் பெயரும் போகக் கூடாது, பொருளும் போகக் கூடாது என்றார்கள்.

பிராண்டுகள் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரு கம்பனி கடை போட்டு, ஆள் வைத்து, பொருளை விளக்கிச் சொல்லி, பழுது பார்த்துக் கொடுக்கிறது. வாடிக்கையாளர் அங்கே எல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்லைனில் மலிவாக விற்கிறவரிடம் வாங்கினால், கடை போட்டவர் எதற்குக் கடை போடணும்? ஃபோன், ஃப்ரிட்ஜ் மாதிரியான பொருளுக்கு இது நியாயமான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது. உத்தரவாதம் எங்கள் கடையில் வாங்கினால் மட்டும்தான் என்று சொல்லட்டும், வாங்குகிறவர் யோசித்து முடிவெடுக்கட்டும். ஷாம்பூ போத்தலுக்கு என்ன விளக்கம், என்ன பழுதுபார்ப்பு?

இலங்கைச் சட்டமும் அவ்வளவு மோசமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டப்படி இறக்குமதியாகி அந்தக் குறியோடு இங்கே விற்கப்பட்ட பொருள் மாற்றமில்லாமல் இருக்கும்வரை, மற்றவர்கள் அந்தக் குறியோடு அதை விற்பதைத் தடுக்கும் உரிமையைக் குறிக்குச் சொந்தக்காரருக்குக் கொடுக்கவில்லை. நல்ல சட்டம். ஆனால் ஒன்லைன் தளத்துக்கு முறைப்பாடு செய்யச் சட்டம் தேவையில்லை, ஒரு படிவம் போதும். தளம் நீதிமன்றம் இல்லை. பெரிய பிராண்டைப் பகைத்துக்கொள்வதைவிட அப்புத்தளையிலிருந்து விற்கிற ஒரு பிள்ளையைத் தூக்கிவிடுவது அதற்குச் சுலபம். அவள் கொழும்பு போய் வழக்குப் பேசுவாளா? பஸ் காசுக்கும் வக்கீல் காசுக்கும் அந்த 48,000 போதாது. அதனால் தளங்களுக்கு ஒரு விதி வேணும் என்று நினைக்கிறேன். பட்டியலைத் தூக்கச் சொல்லும் பிராண்ட், பொருள் போலியா, கெட்டுப்போனதா, மாற்றப்பட்டதா என்று காரணத்தை எழுதிக் கொடுக்கணும். 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்பது காரணமாக எண்ணப்படக் கூடாது. பில் காட்டினால் பட்டியல் திரும்ப வரணும்.

அப்புறம் அந்தப் பழைய கணக்கும் இருக்கிறது. பெயர் பொருளோடு போகணும் என்பது நியாயம் என்றால், அது இலைக்கும் பொருந்தணும். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இதில் ஒரு படி. நூறு வீதம் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்றால் மட்டும்தான் அந்தச் சிங்கத்தைப் போடலாம். அது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற கட்டுப்பாடு. அந்தப் பெட்டியை வாங்கி நீங்கள் யாருக்கு விற்றாலும் சிங்கம் கடிக்காது. டார்ஜிலிங் 2004 இல் இந்தியாவில் புவிசார் குறியீடு வாங்கியது, 2011 இல் ஐரோப்பாவில் பாதுகாப்புப் பெற்றது. நம்ம கறுவாவும் 2022 இல் ஐரோப்பாவில் பதிவாகிவிட்டது. அதே வருசம் புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்ய நம்ம சட்டமும் திருத்தப்பட்டது. ஊவா என்ற பெயர் ஏலத்துக்குப் பிறகும், கலவைக்குப் பிறகும், வேறு நாட்டுக் கடைத் தட்டுவரை பொட்டலத்தோடு போகிற மாதிரி ஓர் ஏற்பாட்டுக்கு வழி இருக்கிறது. ஆனால் பெயர் மட்டும் போய், அதற்குக் கிடைக்கிற விலை கம்பனியோடு நின்றுவிட்டால் கொழுந்துக் கூடை சுமக்கிறவருக்கு என்ன? அதற்கு இந்தச் சட்டங்களில் பதில் இல்லை. அது சம்பள மேசையில் பேச வேண்டியது.

சித்தி மகள் மிச்சச் சரக்கை லயத்திலேயே விற்றாள். சம்பளத்துக்கு அடுத்த நாள் கதவு கதவாகப் போய், பாதியைக் கடனுக்குக் கொடுத்து, இரண்டு மாசத்தில் முதலை எடுத்துவிட்டாள். சங்கிலியையும் மீட்டுவிட்டாள், வட்டிதான் நட்டம். போன கிழமை கூப்பிட்டு, தேயிலை விற்கப் போகிறேன் என்றாள். எங்கே வாங்குவாய், என்ன பெயர் போடுவாய் என்றேன்.

"பண்டாரவளையில பொட்டலமா வாங்கி விக்கிறதுதான் அக்கா. எங்க தோட்டத்துப் பேரு போட்டா நல்லா போகும், டூரிஸ்ட்டுங்களுக்குத் தெரிஞ்ச பேரு. ஆனா அந்தப் பேர நாங்க போட முடியுமான்னு தெரியல. யாருகிட்ட கேக்கணும்?"

நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.